மணலில் ஊன்றிய கூடாரம்

நிலத்தை நம்பி வாழும் மக்களுக்கு, தாம் ஊன்றிய இடம் என்றும் அசையாது என்னும் எண்ணம் இயல்பாகவே அமைந்துவிடுகிறது. கொங்கு நாட்டவராகிய நாம் அதற்கு விலக்கல்லர். கருங்கல் அடித்தளம் இட்டு வீடு எழுப்புகிறோம். கிணறு வெட்டினால் அது பேரன் காலத்துக்கும் பயன்படும் என்று நம்புகிறோம். தொழிற்பட்டறை ஒன்றைத் தொடங்கினால் பெயர்ப்பலகையில் அது தொடங்கிய ஆண்டையும் பொறித்து வைக்கிறோம். கடல் என்பது நமக்கு விடுமுறைக் காட்சி. விடுதியின் பலகணியில் நின்று அலையைப் பார்த்து, கால் நனைத்து, சங்குமாலை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அலையோசையைக் கேட்டபடி மணலில் படுத்துறங்கியவர்கள் நம்மில் மிகச் சிலரே.

இஸ்ரயேல் மக்களுக்கு விதிக்கப்பட்ட விழாக்களுள் ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. லேவியர் நூலின் 23-ஆம் அதிகாரம் கூறும் கூடார விழா அது. விளைச்சலைச் சேர்த்துக் களஞ்சியம் நிறைந்திருக்கும் வேளையில், மக்கள் தம் வீடுகளை விட்டு ஏழு நாள்கள் இலைதழைகளால் ஆன கூடாரங்களில் தங்கவேண்டும். முன்னோர்கள் பாலைநிலத்தில் கூடாரவாசிகளாக இருந்ததைப் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். வறுமைக் காலத்தில் அன்று, நிறைவுற்ற காலத்தில் இந்த விழா வைக்கப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும். உறுதியான வீடு உள்ளவனுக்குத்தான் கூடாரத்தின் பாடம் தேவைப்படுகிறது.

2025-ஆம் ஆண்டைத் திருஅவை ஜூபிலி ஆண்டாகக் கொண்டாடியது. எதிர்நோக்கின் திருப்பயணிகள் என்பது அதன் மையக் கருத்து. அவ்வாண்டின் மே மாதத்தில் எங்கள் குடும்பம் மேற்கொண்ட நான்கு நாள் கடற்கரைப் பயணத்தையும், அது எங்களுக்குக் கற்பித்தவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

பூட்டிய பட்டறை

காந்திபுரத்தில் நூறடிச் சாலைக்குப் பின்புறமுள்ள சந்தொன்றில் என் தந்தையார் நாற்பது ஆண்டுகள் லேத்துப் பட்டறை நடத்தினார். மோட்டார் பம்புகளுக்கு வேண்டிய உதிரி பாகங்களைக் கடைந்து கொடுப்பது அவர் தொழில். 2024 ஏப்ரலில் அவர் இறைவனடி சேர்ந்தார். அடக்கம் முடிந்த மறுநாள் என் தாயார் பட்டறையைப் பூட்டிச் சாவியைத் தம் சேலை முந்தானையில் முடிந்துகொண்டார். அதன்பின் அந்தக் கதவு திறக்கப்படவில்லை. கடன் சுமையில் இருந்த என் தம்பி, இடத்தை வாடகைக்கு விடலாம் என்றான். தந்தையாரிடம் இருபதாண்டுகள் வேலை பார்த்தவர், தாமே எடுத்து நடத்துவதாகக் கேட்டார். தாயார் எவருக்கும் மறுமொழி சொல்லவில்லை. ஓராண்டுக் காலத்தில் தம்பிக்கும் எனக்கும் இடையே பேச்சு குறைந்தது. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரியும் நிலை நெருங்கியது.

ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்த அன்று மாலை தாயார் தாமாகவே பேசினார். "உங்கப்பா, சவேரியார் நடந்த கடலோரமாக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டே இருந்தாருங் கண்ணு. வேலையே முடியல. நீங்க ரெண்டு பேருஞ் சேர்ந்து கூட்டிட்டுப் போங்க. லாட்ஜெல்லாம் வேண்டாம். மணல்ல படுக்கோணும்" என்றார். எழுபத்து மூன்று வயதில் மணலில் படுப்பதா என்று மருமகள்கள் தயங்கினர். அவர் தம் முடிவில் உறுதியாக இருந்தார்.

சமவெளியிலிருந்து கரைக்கு

வாடகை வேன் ஒன்றில் ஒன்பது பேர் புறப்பட்டோம். இரண்டு கூடாரங்கள், பாய்கள், எரிவாயு அடுப்பு, அரிசி, பருப்பு, கொள்ளுப்பொடி, சிறுவாணித் தண்ணீர் நிரப்பிய ஆறு கேன்கள் ஆகியவை எங்கள் சுமை. பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை என்று இரவு கழிந்தது. எட்டையபுரத்தைக் கடக்கையில் கிழக்கு வெளுத்தது. தூத்துக்குடியை நெருங்கியபோது சாலையின் இருபுறமும் உப்பளங்கள் விரிந்தன. வரப்பு கட்டிய பாத்திகளில் கடல்நீர் காய்ந்து வெண்மையாகப் பூத்திருந்தது. பூமியின் விளைச்சலையே கண்டு பழகிய பிள்ளைகளுக்கு, கடலையும் பாத்தி கட்டி அறுவடை செய்யலாம் என்பது வியப்பாக இருந்தது.

தூத்துக்குடி பனிமய மாதா பேராலயத்தில் வேண்டிக்கொண்டு தெற்கே திரும்பினோம். தாமிரபரணி கடலோடு கலக்குமிடத்தில் உள்ள புன்னைக்காயல், தமிழ் அச்சு வரலாற்றில் மறக்கலாகாத ஊர். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலை உருவாக்கிய என்றிக்கே என்றீக்கசு அடிகளார் நெடுங்காலம் பணியாற்றியதும், 1600-இல் உயிர் துறந்ததும் அங்கேதான். போர்த்துக்கல்லில் பிறந்தவர் தமிழில் இலக்கணம் எழுதும் அளவுக்குத் தேர்ந்தார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

இவருக்கு முன்னரே, 1542-இல், புனித பிரான்சிஸ் சவேரியார் இந்த முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். அவர் பிறந்த நவார் நாட்டுக்குக் கடலே கிடையாது. மலைநாட்டுக் கோட்டையில் வளர்ந்து பாரிசில் பயின்றவர், பரதவ மக்களின் ஓலைக் குடில்களுக்கிடையே கைமணியை ஒலித்துக்கொண்டு சென்று சிறுவர்களைக் கூட்டினார். மொழிபெயர்த்துப் பெற்ற செபங்களைத் தாம் முதலில் மனப்பாடம் செய்துகொண்டு பின்னர் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். கரை அறியாதவர் கரையைத் தேடி வந்த கதை அது. அதனாலேயே போலும், கொங்கு நாட்டில் லேத்துப் பட்டறை வைத்திருந்த என் தந்தையாருக்கு அவர்மீது அத்தனை பற்று.

மணப்பாட்டு மணல்

திருச்செந்தூரையும் குலசேகரன்பட்டினத்தையும் கடந்தால் மணப்பாடு. கடலுக்குள் நீண்டு நிற்கும் மணற்குன்றின் மேல் 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம் தொலைவிலேயே தெரிகிறது. புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பலின் தலைவர் ஒருவர், தப்பிப் பிழைத்த நன்றிக்காக முறிந்த பாய்மரத்தால் அங்கே சிலுவை நாட்டினார் என்பது ஊர் மரபு. குன்றின் அடியில், கடலைப் பார்த்த முகமாகச் சவேரியார் தங்கிச் செபித்த குகை உள்ளது. குகைக்குள் நன்னீர்க் கிணறு ஒன்று இருக்கிறது. அலை மோதும் தூரத்தில் உப்புக் கரிக்காத நீர் எப்படி வருகிறது என்று பிள்ளைகள் கேட்டனர். மழைநீர் மணலுக்குள் இறங்குகிறது. அது கடல்நீரைவிட அடர்த்தி குறைந்தது. எனவே உப்புநீரின் மேல் தனிப் படலமாக மிதந்து நிற்கிறது. அளவோடு இறைத்தால் நன்னீர் கிடைக்கும். பேராசையோடு இறைத்தால் உப்பு ஏறிவிடும். திருச்செந்தூரில் பக்தர்கள் நீராடும் நாழிக்கிணறும் கடலருகே ஊறும் நன்னீர்தான்.

பங்குத்தந்தையிடமும் ஊர்க் கமிட்டியாரிடமும் இசைவு பெற்று, ஊருக்குச் சற்றுத் தள்ளிக் கூடாரம் அடிக்கத் தொடங்கினோம். முளைகள் மணலில் நிற்கவில்லை. அடிக்க அடிக்கப் பிடுங்கிக்கொண்டன. வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார்.

"எங்கேருந்து வாரிய?"

"கோயமுத்தூருங்க. காந்திபுரம்."

"அதான் முளைய நம்புதிய. சாக்குல மணல நெரப்பிக் கயித்தக் கட்டிப் பொதைங்க. மணலத் தாங்க மணலாலதான் முடியும். பொறவு, இந்த எடம் வேண்டாம். மேட்டுல ஏறிப் போடுங்க. காத்தே இல்லாம கடல் ஏறி வரும்."

அவர் சொன்னதன் பொருள் எங்களுக்கு உடனே விளங்கவில்லை. வானம் தெளிந்திருந்தது, கச்சான் காற்றும் அடங்கியிருந்தது. கள்ளக்கடல் என்று கேரளக் கரையில் வழங்கும் பெயரை அவர் சொன்னார். தெற்கே இந்தியப் பெருங்கடலின் கோடியில் வீசும் கடுங்காற்று எழுப்பும் நெடிய அலைகள் பல ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து, இங்கே காற்றோ மழையோ இல்லாத வேளையில் திருடன்போல் கரையேறுகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் இது மிகுதி. 2024 மே 6-ஆம் நாள் குமரி மாவட்டத்தில் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் பயின்ற ஐந்து இளையோர் அலையில் சிக்கி மாண்டது இத்தகைய நாளில்தான். ஐதராபாத்திலுள்ள பெருங்கடல் தகவல் சேவை மையம் இதற்கென எச்சரிக்கை விடுக்கிறது. கடற்கரையில் தங்குவோர் அதைக் கேட்டறிவதும், உள்ளூர் மீனவரின் சொல்லை மீறாதிருப்பதும் இன்றியமையாதவை.

மேட்டுக்குக் கூடாரத்தை மாற்றினோம். சாக்கில் மணல் அள்ளத் தம்பியும் நானும் குனிந்தோம். ஓராண்டுக்குப் பின் இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை அது. ஒருவன் சாக்கைப் பிடிக்க ஒருவன் அள்ளினோம். பேச்சு அதிகம் இல்லை. ஆயினும் எட்டு மூட்டைகள் புதைக்கப்பட்டன.

மாலையில் என் தாயார் அரிசிம்பருப்புச் சோறு ஆக்கினார். அதன் மணம் கண்டு வந்த பெரியவரின் மனைவி, ஒரு சட்டி நிறையச் சாளை மீன் குழம்பு கொண்டுவந்தார். அது விசைப்படகுகளுக்கான தடைக்காலம். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன் பெருக்கத்துக்காக விசைப்படகுகள் ஒதுங்கி நிற்கின்றன. நாட்டுப்படகுகளுக்கே அக்காலத்தில் கடல். கிடைப்பது குறைவுதான் என்றாலும் அவர்கள் பகிர்ந்தனர். கொங்குச் சோறும் நெய்தல் குழம்பும் ஒரே தட்டில் கலந்தன. உயிர்த்த ஆண்டவர் திபேரியக் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, இரவெல்லாம் உழைத்துச் சோர்ந்த சீடர்களுக்குக் காலையுணவு ஆக்கி வைத்திருந்தார் என யோவான் நற்செய்தி கூறுகிறது. வலையில் விழுந்த மீன்கள் 153 என்று எண்ணிச் சொல்லும் அந்தப் பகுதியில், மீன்களின் எண்ணிக்கையைவிட அந்த அடுப்பின் வெம்மையே இனி என் நினைவில் நிற்கும்.

தேரியும் உவரியும்

மறுநாள் உடன்குடிப் பக்கம் தேரிக்காட்டைக் கண்டோம். கடலுக்கு அருகிலேயே, குருதி நிற மணல் மேடு மேடாகக் குவிந்திருக்கிறது. இரும்பின் துரு படிந்த மணலைக் காற்று குவித்துக் குவித்து உண்டாக்கிய நிலம் அது. நடுநடுவே பனைகள் நிற்கின்றன. பதநீர் இறங்கும் பருவமாதலால் பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுத்தார்கள். உடன்குடிக் கருப்பட்டி 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. எதுவும் விளையாது என்று தோன்றும் மணலிலிருந்து இத்தனை இனிமை.

உவரியில் இரண்டாம் இரவு. புனித அந்தோனியார் திருத்தலத்தை ஒட்டிய மணல்வெளியில் குடும்பம் குடும்பமாக மக்கள் தங்கியிருந்தனர். நோயுற்றோர், மனம் கலங்கியோர், நேர்ச்சை செலுத்த வந்தோர் எனப் பலர். கிறிஸ்தவர் அல்லாதோரும் அவர்களில் உண்டு. அதே கரையில் சுயம்புலிங்கசுவாமி கோயிலும் இருக்கிறது. நாங்கள் ஏதோ புதுமை செய்வதாக எண்ணிக் கூடாரம் கொண்டுவந்திருந்தோம். அங்கோ, தார்ப்பாயும் சேலையும் கட்டி மணலில் தங்கும் வழக்கம் தலைமுறைகளாக இருந்து வருகிறது. 'ஆழி சூழ் உலகு', 'கொற்கை' ஆகிய புதினங்களில் பரதவர் வாழ்வை எழுதி 2013-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற ஜோ டி குருஸ் இவ்வூரைச் சேர்ந்தவர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

மூன்றாம் நாள் கன்னியாகுமரியைச் சுற்றி மேற்குக் கரைக்குத் திரும்பினோம். நாகர்கோவிலை அடுத்த கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் புனித தேவசகாயத்தின் கல்லறையில் முழந்தாளிட்டோம். 1752-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவர், 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்ட இல்லறத்தார். தாயார் கல்லறையின் மேல் கைவைத்து நெடுநேரம் நின்றார். மாண்டவருக்கு ஒரு கல்லறை இருப்பது எத்துணை ஆறுதல் என்பதை அடுத்த நாள்தான் நாங்கள் முழுமையாக உணர்ந்தோம்.

கல்லறை இல்லாத இறப்பு

தூத்தூரை அடுத்த கடலோர ஊர் ஒன்றில் எங்கள் கூடாரங்களுக்கு வேலையில்லாமற் போயிற்று. ஊன்ற மணலே இல்லை. கடல் அரித்துக்கொண்டு வந்து, வீடுகளின் வாயிலில் நிற்கிறது. கருங்கற்களைக் கொட்டித் தடுப்புச் சுவரும் தூண்டில் வளைவுகளும் கட்டியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் இக்கரையில் சிறுவர்கள் பந்தாடினர் என்று சொன்னார்கள். பங்கு மண்டபத்தில் படுக்க இடம் தந்தனர். மறுநாள் ஞாயிறு. கடலுக்கு எவரும் செல்லவில்லை. ஓய்வுநாளைக் காக்கும் இவ்வழக்கத்தைக் கத்தோலிக்க மீனவர்கள் இன்றும் விடாது பேணுகின்றனர்.

திருப்பலி முடிந்து கற்சுவரின் மேல் அமர்ந்திருந்தபோது, நாற்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் தாயாரின் அருகே வந்தமர்ந்தார். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலில் அவர் கணவர் சென்ற படகு திரும்பவில்லை. இப்பகுதி மீனவர்கள் ஆழ்கடலில் பல நாள்கள் தங்கித் தொழில் செய்பவர்கள். புயல் அறிவிப்பு வெளியானபோது அவர்கள் தொலைக்கடலில் இருந்தனர், செய்தி எட்டவில்லை. பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. காணாமற்போனவரைப் பற்றி ஏழாண்டுகள் ஒரு செய்தியும் இல்லையெனில் அவரை இறந்தவராகக் கருதலாம் என்பது நம் சாட்சியச் சட்டத்தின் பொதுவிதி. மாண்ட மீனவர் குடும்பங்களுக்கு அரசு தலா 20 இலட்சம் ரூபாய் அறிவித்தது. ஆனால் இழப்பீட்டுக்கும் இறப்புச் சான்றிதழுக்கும் அப்பால் வேறொரு கேள்வி இருந்தது. அதை என் தாயார் கேட்டார்.

"ஏங்கண்ணு, கல்லறைத் திருநாளுக்கு நீங்க எங்க போய் மெழுகுவத்தி வெப்பீங்க?"

"கல்லறைத் தோட்டத்துல பேரு மட்டும் எழுதி வச்சிருக்கோம் அம்மா. அங்க ஒண்ணு. பொறவு இந்தக் கடப்பொறத்துல ஒண்ணு. காத்து அணைச்சிடும். திரும்பவும் பத்த வைப்பேன்."

"அவரு வருவாருன்னு பார்த்துட்டு இருந்தீங்களா?"

"ரெண்டு வருஷம் அவரு சட்டைய அழுக்கோட வச்சிருந்தேன். மூத்தவன் பள்ளிக்கூடம் முடிச்சு, நானும் கடலுக்குப் போறேன்னான். அன்னைக்குத் தொவைச்சு அவனுக்குப் போட்டுவிட்டேன்."

"பயமா இல்லீங்களா?"

"பயந்தான் அம்மா. ஆனா அதுதானே அவனுக்கு அப்பன் விட்டுட்டுப் போனது."

இருவரும் அதன்பின் பேசவில்லை. தாயார் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அலை கல்லில் மோதித் தூவானம் தெறித்தது. நான் எழுந்து அப்பால் சென்றேன்.

ஒக்கிக்குப் பின் செயற்கைக்கோள் வழியே செய்தி பெறும் கருவிகள் படகுகளில் பொருத்தப்பட்டு வருகின்றன. அந்தப் பெண்ணின் மகன் செல்லும் படகிலும் அக்கருவி உண்டு என்று பின்னர் அறிந்தோம். கருவி எச்சரிக்கும், கடலை அது அடக்காது. ஆயினும் அவர்கள் திங்கள் காலையில் மீண்டும் படகைத் தள்ளுகிறார்கள். எதிர்நோக்கு என்னும் சொல்லை மறையுரைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அது இனிமையான ஓர் உணர்வு என்றே எண்ணியிருந்தேன். உயிரைப் பறித்த கடலிடமே மறுபடியும் உணவு கேட்டுச் செல்லும் துணிவுக்கும் அதுவே பெயர் என்பதை அக்கரையில் கண்டேன்.

திறந்த கதவு

ஊர் திரும்பிய பத்தாம் நாள், என் தாயார் எங்களுக்கு ஒன்றும் சொல்லாமல் பட்டறைக்குச் சென்று கதவைத் திறந்தார். லேத்தின் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்தார். ஆணியில் தொங்கிய தந்தையாரின் எண்ணெய்க்கறை படிந்த காக்கிச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்துக் காயவைத்தார். பிறகு பழைய தொழிலாளியை அழைத்து, இனி அவரே நடத்தட்டும் என்றும், வாடகையில் பாதி தம்பியின் கடனுக்குப் போகட்டும் என்றும் தீர்த்து வைத்தார். தம்பி கேட்ட தொகைக்கு இது ஈடாகாது. அவனுடைய கடன் இன்னும் தீரவில்லை. மனக்குறையும் முற்றிலும் தீர்ந்ததெனக் கூறமாட்டேன். ஆனால் இரண்டாவது அடுப்பு எரியவில்லை.

சவேரியார் 1552 டிசம்பர் 3-ஆம் நாள் சீனக் கரையை எதிரே கண்டபடி, சான்சியன் தீவின் கடலோரக் குடிசையில் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 46. தாம் அடைய விரும்பிய நாட்டில் அவர் கால் பதிக்கவில்லை. அவர் நமக்கு விட்டுச்சென்றது ஓலைக் குடிலில் தங்கிப் பணிசெய்யும் பாங்கு. அவரது பயணத்துக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், மதுரை மறைப்பணித்தளத்தின் வழியாகக் கொங்கு மண்ணுக்கு நற்செய்தி வந்தது. கருமத்தம்பட்டி செபமாலை அன்னையின் முன் நாம் ஏற்றும் விளக்குக்கும் மணப்பாட்டுக் குன்றின் சிலுவைக்கும் உறவு உண்டு. அக்கரையோர மக்கள் நமக்கு நம்பிக்கையில் மூத்த உடன்பிறப்புகள்.

எனவே, அன்பர்களே, வாய்ப்பிருப்போர் குடும்பமாக அக்கரைக்குச் செல்லுங்கள். விடுதியைத் தவிர்த்து, ஊராரின் இசைவோடு ஓரிரவேனும் மணலில் படுங்கள். கொண்டுசெல்லும் நெகிழிப் பைகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அது அவர்கள் வாழும் முற்றம். அவர்கள் மேட்டில் தங்கச் சொன்னால் மேட்டில் தங்குங்கள். இயன்றால் நவம்பர் 2 அன்று, நம் உறவினரின் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றும்போது, கல்லறை இல்லாமல் கடலில் உறங்குவோருக்காகவும் ஒன்று ஏற்றுங்கள். காற்று அணைத்தால் மறுபடியும் ஏற்றுங்கள்.